தூரிகைப் பக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒரு சிறுபான்மைச் சமூகம் சர்வதேச ஓவிய விழா நடத்துகிறது, அதனால் பண்பாடுகளுக்கு இடையே உரையாடல் வளர்கிறது என்று படித்தேன். ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாமல் என்னதான் உரையாடுவார்கள்? நீங்கள் அப்படி எங்காவது போயிருக்கிறீர்களா?

பதில்: போயிருக்கிறேன். செர்பியாவின் வடக்கே, வொய்வொதினா மாகாணத்தில் கொவாச்சிட்சா என்றொரு ஊர். ஒரே சமவெளி, சோளமும் சூரியகாந்தியும். செர்பியாவில் சிறுபான்மையான ஸ்லோவாக்கியர்கள்தான் இந்த ஊரில் அதிகம். 1802-இல் அங்கே குடியேறிய விவசாயிகளின் வம்சம். இன்றும் வீட்டில் ஸ்லோவாக் பேசுகிறார்கள்.

அந்தப் பக்கத்தில் ஓவியர் முகாமைக் 'கொலோனியா' என்பார்கள். 1952-இல் செந்தா என்ற ஊரில் தொடங்கிய பழக்கம், பிறகு வொய்வொதினா முழுக்கப் பரவியது. வருகிற ஓவியருக்குத் தங்க இடம், சாப்பாடு, கேன்வாஸ், வண்ணம் எல்லாம் ஊர்க்காரர்கள் பொறுப்பு. பதிலுக்கு ஒன்றோ இரண்டோ ஓவியத்தை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

நான் போன கொலோனியாவின் தொடக்க விழாவில் நீளமாகப் பேசினார்கள். எனக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. உரையாடல் மூன்றாம் நாள்தான் நடந்தது. தெருவில் பார்த்த வாத்துக் கூட்டத்தை நான் வரைந்துகொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் அந்த ஊர் ஓவியர், எழுபது வயதிருக்கும் அம்மா ஒருவர். எழுந்து வந்து என் கேன்வாஸையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். நான் வாத்துக்குக் கோழிக்கால் போட்டிருந்தேன்! விரல்கள் தனித்தனியாக நின்றன. என் கையிலிருந்த தூரிகையை வாங்கி, ஆரஞ்சு வண்ணம் தொட்டு, விரல்களுக்கு நடுவே சவ்வை இழுத்தார். 'ஹுஸ்' என்றார். கூஸ் என்கிற பெரிய வாத்துக்கு ஸ்லோவாக் சொல்லாம். நான் 'வாத்து' என்றேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் உரையாடல். ஆனால் அன்று மாலை அவர் படத்தில் பூசணிக்காய் வண்டி பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் பாவாடையில், நான் காலையில் கலந்து வைத்திருந்த மயில்நீலம் இருந்தது. கேட்காமலேயே எடுத்திருக்கிறார். எனக்கு ஏக சந்தோஷம்.

கேள்வி: அந்த ஊர் விவசாயிகள் எப்படி ஓவியர்கள் ஆனார்கள்?

பதில்: 1939-இல் மார்ட்டின் பலுஷ்கா, யான் சொகோல் என்ற இருவர் தொடங்கியது. பள்ளிப் பயிற்சி கிடையாது. முதலில் அஞ்சலட்டைகளைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். தங்கள் ஊர்க் கல்யாணத்தையும் அறுவடையையும் வரையத் தொடங்கிய பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. 1955-இல் ஊருக்கென்று கேலரி வந்தது.

எனக்குப் பிடித்தவர் மார்ட்டின் யோனாஷ். அவர் வரைந்த விவசாயிகளுக்குக் கையும் காலும் பெரிது பெரிதாக இருக்கும், தலை சின்னது. நாள் முழுக்க உழைப்பது கையும் காலும்தானே! சுசானா ஹலுபொவா வரைந்தது கன்னம் சிவந்த குழந்தைகளை. அவருக்குச் சொந்தக் குழந்தை இல்லை, படங்களில் நூற்றுக்கணக்கில் பெற்றுக்கொண்டார். யுனிசெஃப் வாழ்த்து அட்டைகளில் அவர் படங்கள் உலகம் சுற்றின.

கேள்வி: இப்படி விழா நடத்துவது ஒரு சமூகத்தைக் காட்சிப்பொருள் ஆக்குவது இல்லையா?

பதில்: ஓரளவுக்கு ஆக்கத்தான் செய்கிறது. ஒரே சேவலையும் ஒரே பூசணியையும் சுற்றுலாப் பயணிக்காகத் திரும்பத் திரும்ப வரைந்து விற்பதை நானே பார்த்தேன். 2024-இல் கொவாச்சிட்சா ஓவியக் கலை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இனிமேல் அந்தச் சேவல்கள் இன்னும் பெருகும் என்று நினைக்கிறேன்.

ஆனால் பக்கத்து ஊர்களையும் பாருங்கள். கொவாச்சிட்சா நகராட்சிக்குள்ளேயே டெபெல்யாச்சாவில் ஹங்கேரியர்கள், உஸ்தினில் ருமேனியர்கள், செர்பியர்களுக்கும் தனி ஊர்கள். நகராட்சியில் நான்கு மொழிகளுக்கு அதிகாரம் உண்டு. இதில் உஸ்தின் கதை சுவாரசியமானது. அங்குள்ள ருமேனிய விவசாயப் பெண்கள் 1960-களில் தாங்களும் தூரிகை எடுத்தார்கள். அவர்கள் வரைந்தது கொவாச்சிட்சாவை அல்ல, தங்கள் ஊரை, தங்கள் உடையை. ஒரு சிறுபான்மையைப் பார்த்து இன்னொரு சிறுபான்மை 'நாமும் நம்மை வரையலாமே' என்று கிளம்பியது. யாரும் மேடை போடவில்லை, அழைப்பிதழ் அச்சடிக்கவில்லை. வெளிநாட்டு ஓவியர்களைக் கூட்டி நடத்தும் விழாவைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. காட்சிப்பொருளா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்கிறீர்களா? விழா முடிந்து விருந்தாளிகள் போன பிறகும் அந்த ஊரில் யாராவது தனக்காக வரைகிறார்களா என்று பாருங்கள். கொவாச்சிட்சாவில் வரைகிறார்கள்.

கேள்வி: எப்போது போனால் நல்லது?

பதில்: அக்டோபர். ஊர்த் திருவிழா அப்போதுதான், கண்காட்சியும் உண்டு. குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீங்கள் அங்கே வரைந்த படத்தை இந்தப் பக்கத்தில் போடலாமே?

பதில்: படம் என்னிடம் இல்லை, விட்டுவிட்டு வர வேண்டும் என்பது ஒப்பந்தம். கையெழுத்துப் போடச் சொன்னபோது அந்த அம்மாவையும் கூப்பிட்டேன். கால் மட்டும்தான் தன்னுடையது என்று சைகை காட்டி, வாத்தின் பாதத்துக்குக் கீழே சின்னதாகத் தன் பெயரைப் போட்டார்.