டொக்டர் எழுதின மருந்தை நிறுத்த இவர் யார்?

கேள்வி: அம்மாவுக்குப் பிரெஷர். திருகோணமலை ஆஸ்பத்திரி கிளினிக்கில் லொசார்டான் குளிசை தருகிறார்கள். போன கிழமை முழங்கால் நோவுக்கு வேறொரு டொக்டரிடம் காட்டி, அவர் தந்த துண்டை மருந்துக்கடையில் கொடுத்தால், அங்கிருந்த மருந்தாளர் டைக்ளோஃபெனாக்கைத் தராமல் "கிளினிக் கொப்பியைக் கொண்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். ஓட்டோக் காசுதான் வீண். டொக்டர் எழுதினதை நிறுத்த இவர் யார்?
- வாசகி, உப்புவெளி

பதில்: அந்த வெயிலில் அலைந்தால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் கொப்பியைக் கேட்டது சரி. டைக்ளோஃபெனாக் பிரெஷரை ஏற்றும், லொசார்டானோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும், அதுவும் வயதானவர்களுக்கு. முழங்காலைப் பார்த்த டொக்டரிடம் கிளினிக் மருந்தைப் பற்றிச் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. கொப்பி வீட்டு அலுமாரியில் கிடந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? மருந்தாளர் தானாக மருந்தை மாற்றக்கூடாது, எழுதின டொக்டரைக் கேட்க வேண்டும். ஒரு கோல் எடுத்திருந்தால் உங்களுக்கு ஓட்டோச் செலவு மிஞ்சியிருக்கும், அது அவர் பக்கத்துக் குறைதான்.

"இவர் யார்" என்றால், மருத்துவச் சபையில் பதிந்தவர். அப்படி ஒருவர் இல்லாமல் பாமசிக்கு லைசன்ஸே கிடைக்காது. ஆனால் கவுண்டரில் நிற்கிற எல்லாரும் மருந்தாளர் இல்லை, "மருந்தாளர் இருக்கிறாரா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

எங்கள் பெரியம்மா இரண்டு இடத்தில் மருந்தெடுப்பவர். ஒருநாள் சொப்பிங் பையோடு எல்லாவற்றையும் பாமசி மேசையில் கொட்டினோம். அங்கிருந்த மருந்தாளர் பிள்ளை இரண்டு அட்டைகளைத் தனியே எடுத்து, கம்பனிப் பெயருக்குக் கீழே இருந்த பொடி எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். ஒன்று வெள்ளைக் குளிசை, மற்றது மஞ்சள், இரண்டும் அட்டோர்வாஸ்டாட்டின்! மூன்று மாதமாக ஒரே கொலஸ்ட்ரோல் மருந்தை இரவில் இரட்டிப்பாகப் போட்டிருக்கிறார், அதனால் வந்திருக்கக்கூடிய கால் உளைவுக்கு எண்ணெய் வேறு தேய்த்துக்கொண்டு. டொக்டரிடம் சொல்லி ஒன்றை நிறுத்தினோம்.

கேள்வி: தைரொயிட்டுக்குத் தருகிற தைரொக்சின் குளிசையைக் காலைத் தேத்தண்ணியோடு போடலாமா?
- வாசகர், மூதூர்

பதில்: வேண்டாம். வெறும் வயிற்றில், பச்சைத் தண்ணியோடு போட்டு, அரை மணித்தியாலமாவது கழித்துத் தேத்தண்ணி. கல்சியம், இரும்புச்சத்துக் குளிசை இருந்தால் 4 மணித்தியால இடைவெளி விடுங்கள்.