துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போனவன் மறுநாள் என்ன செய்வான்? (வாசகர் கேள்வி–பதில்)

சென்ற இதழில் மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் உள்நாட்டுப் போரைப் பற்றி எழுதியிருந்தேன். 1989-இல் ஆரம்பித்து, நடுவில் கொஞ்சம் ஓய்ந்து, 2003-இல் முடிந்த போர். சுமார் இரண்டரை லட்சம் பேர் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டு வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: துப்பாக்கியோடு வந்தவனுக்கெல்லாம் 300 டாலர் கொடுத்தார்களாமே? வீட்டைக் கொளுத்தியவனுக்குப் பணம், வீட்டை இழந்தவனுக்கு ஒன்றுமில்லை. இது என்ன நியாயம்? (திண்டுக்கல் வாசகர்)

நியாயம் இல்லை. உங்கள் கோபம் சரிதான். போர் முடிந்ததும் ஆயுதத்தை ஒப்படைத்த போராளிகளுக்கு 150, 150 என்று இரண்டு தவணையாகக் கொடுத்தார்கள். ஊரை எரித்தவன் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போனதை எரிந்த வீட்டுக்காரி பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

ஆனால் 2003 டிசம்பரில் நடந்ததையும் பாருங்கள். தலைநகர் மன்ரோவியாவுக்குப் பக்கத்தில் ஒரு முகாமில் ஐ.நா. ஆயுதங்களை வாங்க ஆரம்பித்தது. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், பணம் உடனே கைக்கு வராது என்று தெரிந்ததும் சுட ஆரம்பித்தார்கள், உயிர்கள் போயின, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 2004 ஏப்ரலில்தான் மறுபடி தொடங்க முடிந்தது. பத்து வயதில் தூக்கிக்கொண்டு போகப்பட்டு, வேறு எந்த வேலையும் தெரியாமல் வளர்ந்தவன் வெறுங்கையோடு ஊர் திரும்ப மாட்டான். அந்தப் பணத்தை வழிச்செலவு என்று நினைத்துக்கொண்டால் கொஞ்சம் புரியும்.

எனக்கு உறுத்துவது வேறு. ஆயுதத்தை ஒப்படைத்ததாகப் பதிவானவர்கள் சுமார் 1,03,000 பேர், வந்து சேர்ந்த துப்பாக்கிகளோ சுமார் 28,000தான். எப்படி? 150 தோட்டா கொண்டுவந்தாலும் போராளி என்று சேர்த்துக்கொண்டார்கள். தளபதிகள் வேண்டியவர்களுக்குத் தோட்டாக்களைப் பிரித்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, கிடைத்த பணத்தில் பங்கு வாங்கிக்கொண்டார்கள். நிஜமாகவே போரில் இழுக்கப்பட்ட பெண்கள் பலருக்குக் கையில் எதுவும் இல்லாததால் வரிசையில் இடமே கிடைக்கவில்லை.

அப்புறம், பணம் தீர்ந்த பிறகு? தொழிற்பயிற்சி தாமதமாக வந்தது, பயிற்சி முடித்தவனுக்கு வேலை கொடுக்க ஆள் இல்லை. கத்ரி என்ற பெரிய ரப்பர் தோட்டத்தை முன்னாள் போராளிகள் பிடித்து வைத்துக்கொண்டு பால் இறக்கி விற்றார்கள். போரில் யார் தளபதியோ தோட்டத்திலும் அவர்தான் முதலாளி. 2006 ஆகஸ்டில்தான் அரசாங்கம் அதைத் திரும்பப் பெற்றது. இன்னொரு பக்கம், ஆயிரக்கணக்கான பையன்கள் எந்தத் திட்டமும் சொல்லித்தராமலே மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஓட்டப் பழகிக்கொண்டார்கள். பழைய தளபதியிடம் கை நீட்டாமல் சாப்பிட அவர்களுக்குக் கிடைத்த முதல் வழி அதுதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: இருந்த ராணுவத்தை முழுக்கக் கலைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது ஆபத்தான வேலை இல்லையா? (கோவை வாசகர்)

ஆபத்துதான். ஆனால் அந்த ராணுவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1990 ஜூலையில் மன்ரோவியாவின் லூத்தரன் தேவாலயம் ஒன்றில் தஞ்சம் புகுந்திருந்த சுமார் 600 பேரைக் கொன்றது அரசாங்க ராணுவமே. அந்தச் சீருடையைப் பார்த்தால் ஜனங்கள் வீட்டுக்குள் ஓடுவார்கள். அதனால் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சுமார் 2,000 பேரைப் புதிதாக எடுத்தார்கள். சேர விண்ணப்பித்தவர்களின் படங்களை ஊர் ஊராக ஒட்டி, இவன் உங்கள் ஊரில் ஏதாவது அக்கிரமம் செய்திருக்கிறானா, சொல்லுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

அது மட்டும் போதவில்லை. 2014 ஆகஸ்டில் எபோலா பரவியபோது மன்ரோவியாவில் வெஸ்ட் பாயின்ட் என்ற குடிசைப் பகுதியை அரசாங்கம் ஒரே இரவில் அடைத்தது. ஜனங்கள் எதிர்த்தார்கள், சிப்பாய்கள் சுட்டார்கள், 15 வயதுப் பையன் ஒருவன் செத்துப்போனான். நோயைத் தடுக்கக் கூட்டத்தின் முன்னால் துப்பாக்கியோடு ராணுவத்தை நிறுத்தியது யாருடைய யோசனையோ, எனக்கு அதை மன்னிக்க மனம் வரவில்லை.

கேள்வி: என் சித்தி மகள் சிஆர்பிஎஃப்-இல் சேர்ந்திருக்கிறாள். நம் பெண் போலீஸ் லைபீரியா போனார்களாமே, அங்கே போய் என்ன செய்தார்கள்? (ஆவடி வாசகி)

உங்கள் தங்கைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். 2007 ஜனவரியில் போனார்கள், 2016 பிப்ரவரி வரை வருடத்துக்கு ஒரு அணியாக மாறி மாறி இருந்தார்கள். ஐ.நா. அமைதிப் பணியில் முழுக்கப் பெண்களைக் கொண்டு அமைந்த முதல் போலீஸ் படை இதுதான், துணைக்கு வந்த சில ஆண்களையும் சேர்த்து 125 பேர். இரவு ரோந்து போனார்கள், அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃபின் அலுவலகத்துக்குக் காவல் நின்றார்கள், ஓய்வு நேரத்தில் பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்பும் கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுத்தார்கள். போரில் பெண்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். நடந்ததை ஒரு ஆண் போலீஸ்காரரிடம் போய்ச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? இவர்கள் போவதற்கு முன் அந்நாட்டின் பாதுகாப்புத் துறையில் பெண்கள் 6 சதவீதம், இவர்கள் திரும்பும்போது 17 சதவீதம். இவர்களால் மட்டும் வந்த மாற்றம் இல்லைதான், ஆனால் போலீஸ் சீருடையில் ஒரு பெண்ணைத் தினமும் தெருவில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு நாமும் சேரலாமே என்று தோன்றும் இல்லையா?

கேள்வி: செய்தவர்களுக்குத் தண்டனை கிடைத்ததா? (நாகர்கோவில் வாசகர்)

அதிபராக இருந்த சார்லஸ் டெய்லருக்கு 2012-இல் 50 ஆண்டு சிறை. ஆனால் அது பக்கத்து நாடான சியரா லியோனில் நடந்த குற்றங்களுக்காக. சொந்த நாட்டில் நடந்ததற்கு அவர்மீது வழக்கே இல்லை. 2021-இல் ஒரு முன்னாள் தளபதிக்கு 20 ஆண்டு கிடைத்தது, அதுவும் சுவிட்சர்லாந்து நீதிமன்றத்தில். 1990-இல் அப்போதைய அதிபரைப் பிடித்துச் சித்திரவதை செய்ததை வீடியோவே எடுத்துவைத்த கிளர்ச்சிப் படைத் தலைவர் பிரின்ஸ் ஜான்சன் செனட்டராகி, 2024-இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார்.

போர்க்கால அக்கிரமங்களை விசாரித்த உண்மை ஆணையம் 2009-லேயே அந்தக் குற்றங்களுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்றது. அதற்கான அலுவலகத்தை அமைக்க அதிபர் ஜோசஃப் போவாகாய் ஆணையிட்டது 2024 மே மாதத்தில். தேவாலயத்தில் பிணங்களுக்கு அடியில் கிடந்து தப்பிய இருபது வயதுப் பெண்ணுக்கு இப்போது ஐம்பத்தைந்து தாண்டியிருக்கும். சாட்சி சொல்ல அவரைச் சொந்த நாட்டு நீதிமன்றம் எதுவும் இன்னும் கூப்பிடவில்லை.