பழைய காரின் ஏசிக்குப் புதிய கேஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் 1988ஆம் ஆண்டு டொயோட்டா கிரெசிடா இருக்கிறது. டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் அதன் ஏசி சிறிதும் குளிர்விப்பதில்லை. உள்ளே இருக்கும் பழைய கேஸோடு சேர்த்தே புதிய கேஸை ஏற்றித் தருவதாக ஒரு பணிமனையில் சொல்கிறார்கள். சம்மதிக்கலாமா, ஐயா? (சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: சம்மதிக்காதீர்கள். அக்காலக் கார்களில் ஆர்-12 கேஸ் இருந்தது. இன்று கடையில் கிடைப்பது ஆர்-134ஏ. இரண்டையும் கலந்தால் அழுத்தம் தாறுமாறாக ஏறும். அதைவிடப் பெரிய சிக்கல் ஆயிலில் இருக்கிறது. ஆர்-12 உடன் ஓடிய மினரல் ஆயில் ஆர்-134ஏ கேஸில் கரையாது என்பதால், அது குழாய்களிலும், காருக்குள் வரும் காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டரிலும் தேங்கிவிட, கேஸை அழுத்திச் சுற்றிவரச் செய்யும் கம்ப்ரசர் ஆயிலின்றிச் சுழன்று சில வாரங்களிலேயே இறுகிப்போகக்கூடும்.

மிச்சமுள்ள பழைய கேஸை முதலில் மீட்பு இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். இத்தனை ஆண்டுகளில் கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது என்றே பொருள். அதைக் கண்டுபிடிக்காமல் எந்த கேஸை ஏற்றினாலும் பணம் வீண். மூட்டுகளைக் கழற்றும்போது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான பழைய ஓ-ரிங் ஒன்றை வாங்கிப் பாருங்கள்: உருண்டையாக இருக்க வேண்டியது தட்டையாகிப் போயிருக்கும், நகத்தால் வளைத்தால் விரிசல் விடும். எல்லா ஓ-ரிங்குகளையும் புதிய கேஸுக்கு ஏற்ற ரப்பரில் மாற்ற வேண்டும். டிரையரையும் மாற்றியே ஆக வேண்டும். ஈரம் உறிஞ்சும் அதன் மணிகள் ஆர்-134ஏ கேஸுக்கு ஏற்ற வகையாக இருப்பது அவசியம். பிறகு கம்ப்ரசரைக் கழற்றிக் கவிழ்த்து, வடிந்த ஆயிலை அளந்து, அதே அளவு எஸ்டர் ஆயில் (ஆர்-134ஏ கேஸில் கரையும் செயற்கை ஆயில்) ஊற்றுவது நல்லது, ஏனெனில் குழாய்களின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மினரல் ஆயிலை அது ஓரளவு சகித்துக்கொள்ளும்.

கேஸின் அளவை எடைபோட்டே ஏற்ற வேண்டும். பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் ஆர்-12 அளவு 900 கிராம் என்றிருந்தால், அதில் 80 முதல் 90 சதவீதம், அதாவது 720 முதல் 810 கிராம்வரை போதும். புதிய கேஸின் விவரம் எழுதிய லேபிளை அங்கேயே ஒட்டச் சொல்லுங்கள்; அடுத்து அந்தக் காரில் கைவைக்கும் மெக்கானிக்குக்கு அதுவே வழிகாட்டி.

கேள்வி: கேஸ் ஏற்றுமுன் குழாய்களிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்பை முக்கால் மணி நேரம் ஓட்டியும் கேஜ் முள் 30 அங்குலத்தை (பாதரச அளவு) தொடாமல் 25க்குள் நின்றுவிடுகிறது. பம்ப் கெட்டுவிட்டதா? (லெனேசியா வாசகர்)

பதில்: பம்பைக் குறை சொல்ல வேண்டாம். லெனேசியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தமே குறைவு. முழு வெற்றிடத்திலும் முள் 24 அல்லது 25 அங்குலத்தில்தான் நிற்கும். கடலோர டர்பனில் அது 29ஐத் தாண்டும். வால்வுகளை மூடிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்து பாருங்கள். முள் அசையாமல் நின்றால் கேஸ் ஏற்றலாம்.

கேள்வி: ஆர்-134ஏ மாற்றியபின் நெடுஞ்சாலையில் நன்றாகக் குளிர்கிறது; நெரிசலில் நின்றால் வெதுவெதுப்பாகிவிடுகிறது. (டோங்காட் வாசகர்)

பதில்: ஆர்-134ஏ கேஸின் உயரழுத்தப் பக்கத்தில் அழுத்தம் வெயில் நாளில் ஆர்-12 அளவைவிட அதிகமாகவே ஏறும், எனவே காரின் முன்பக்கத்தில் இருக்கும் கண்டென்சர் கேஸின் வெப்பத்தை விரைவாக வெளியேற்ற வேண்டும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நிற்கும்போது ஃபேனை மட்டுமே நம்ப வேண்டும். உங்கள் பகுதியில் கரும்புத் தோட்டங்களை எரிக்கும் பருவத்தில் பறந்து வரும் கரித்தூள் கண்டென்சர் தகடுகளுக்கிடையே அடைந்துகொள்ளும். உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பீய்ச்சியடித்தால் தகடுகள் மடங்கிவிடும். ஃபேன் சரியாகச் சுற்றியும் குறை தீராவிட்டால், கேஸ் அதிகமாக ஏறியிருக்கிறதா என்று எடைபோட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதுவும் சரியென்றால் பல மெல்லிய குழாய்களில் கேஸைப் பிரித்து ஓடவிட்டு வெப்பத்தை நன்றாக வெளியேற்றும் பேரலல் ஃப்ளோ கண்டென்சர் பொருத்துவதே வழி.

கேள்வி: சமையல் கேஸ் வகையைச் சேர்ந்த மலிவான கேஸ் ஒன்றைப் போடலாம் என்கிறார் நண்பர். (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

பதில்: வேண்டாம். எவாப்பரேட்டர் டேஷ்போர்டுக்குப் பின்னால், பயணிகளின் முகத்துக்கு நேரே இருக்கிறது. அங்கே கசிந்தால் தீப்பற்றும் வாயு மூடிய காருக்குள்தான் நிறையும்.

கேள்வி: அப்பா வைத்துப்போன ஆர்-12 டின்கள் இரண்டு வீட்டில் உள்ளன. திறந்து காற்றில் விட்டுவிடலாமா? (வெருலம் வாசகர்)

பதில்: கூடவே கூடாது. ஓசோன் படலத்தை அரிக்கும் என்பதால்தான் 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை இத்தகைய வாயுக்களுக்குத் தடை போடத் தொடங்கியது. புவியைச் சூடாக்குவதிலும் ஒரு கிலோ ஆர்-12 பல டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். நெருப்பில் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும் என்பதால், வெல்டிங் நடக்கும் இடத்தில் அவற்றை வைக்காதீர்கள். மீட்பு இயந்திரம் வைத்திருக்கும் குளிர்சாதனப் பணிமனையில், டின்களைத் திறக்காமல் அப்படியே ஒப்படையுங்கள்.