தட்டைமுக லாரிக்கு ஏன் இத்தனை ஏக்கம்?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் பழைய தட்டைமுக 'கேபோவர்' லாரிகளைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். நான் சங்ககிரிக்காரன். அப்பா லேலண்ட் ஓட்டியவர். எங்களுக்கு லாரி என்றாலே எஞ்சின் மேல் கேபின் உட்கார்ந்திருக்கும் தட்டைமுக வண்டிதான். நீண்ட மூக்கு வைத்த அமெரிக்க லாரிகளைப் படங்களில் பார்த்து வாயைப் பிளந்தவர்கள் நாங்கள். அங்கே உள்ளவர்கள் எங்கள் ஊர் முகத்தை நினைத்து ஏங்குகிறார்கள் என்றால் வியப்பாக இருக்கிறது. அந்த வண்டிகள் அங்கே ஏன் ஒழிந்துபோயின? சூடு, இரைச்சல், முதுகுவலி என்று ஓட்டியவர்களே சொல்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். பிறகு எதற்கு இந்த ஏக்கம்? என் அப்பாவும் இப்படித்தான். பட்ட பாட்டையெல்லாம் மறந்துவிட்டு, அந்த வண்டி மாதிரி வராது என்கிறார். வயதானவர்களின் மனமயக்கம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடைசியாக ஒன்று: இன்றைக்கு அப்படி ஒரு வண்டியை வாங்கி ஓட்ட முடியுமா?

அன்புடன்,
கா., சங்ககிரி

அன்புள்ள கா.,

ஒழிந்த கதையைச் சொல்ல, வந்த கதையிலிருந்து தொடங்கவேண்டும். இரண்டுக்கும் காரணம் சட்டம்தான்.

1980களின் தொடக்கம் வரை, ஒரு லாரி முன் பம்பரிலிருந்து டிரெய்லரின் வால் வரை எத்தனை அடி இருக்கலாம் என்பதை அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தானே வைத்துக்கொண்டது. கிழக்கில் பல மாநிலங்களில் 55 அடி. மேற்கில் 60, 65. மூக்கு எத்தனை அடி நீள்கிறதோ அத்தனை அடி டிரெய்லரில் குறையும். சம்பாதிப்பது டிரெய்லர், மூக்கு அல்ல. அதனால் எஞ்சின் மேலேயே கேபினைத் தூக்கி வைத்தார்கள். ஜிஎம்சி செய்த ஒரு வண்டியில் கேபினின் நீளம் வெறும் 48 அங்குலம். சதுரமாக, பிஸ்கட் டப்பா மாதிரி இருந்ததால் டிரைவர்கள் அதற்கு 'கிராக்கர் பாக்ஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆரிகன் மாநிலத்தில் நான் வசிக்கும் போர்ட்லாந்துக்கு இந்தக் கதையில் பெரிய பங்கு உண்டு. கன்சாலிடேட்டட் ஃப்ரைட்வேஸ் என்ற சரக்கு நிறுவனத்தை நடத்திய லேலண்ட் ஜேம்ஸ், எடை குறைந்த லாரி வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார். செய்துகொடுக்க ஆள் இல்லை. தானே ஒரு பட்டறையைத் தொடங்கி அலுமினியத்தில் வண்டி கட்டினார். அதுதான் ஃப்ரைட்லைனர். நிறுவனத்துக்கு வெளியே அவர்கள் விற்ற முதல் வண்டியை 1950ல் ஹைஸ்டர் என்ற போர்ட்லாந்து நிறுவனம் வாங்கியது. இன்று அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 1958ல் கேபின் முழுவதையும் 90 டிகிரி முன்னால் கவிழ்க்கும் வசதி வந்தது. அப்புறம் கென்வொர்த் கே100, பீட்டர்பில்ட் 352, ஜிஎம்சி ஆஸ்ட்ரோ, இன்டர்நேஷனல் டிரான்ஸ்டார் என்று எல்லாரும் இந்த வடிவத்தில் இறங்கினார்கள். 1970களில் நெடுஞ்சாலை ஓரம் நின்றால் தட்டைமுகங்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும்.

1983 ஜனவரியில் அதிபர் ரீகன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். இன்டர்ஸ்டேட் சாலைகளிலும் முக்கிய நெடுஞ்சாலைகளிலும் மாநிலங்கள் இனி மொத்த நீளத்துக்கு வரம்பு வைக்கக்கூடாது. டிரெய்லரை மட்டும் அளக்கலாம். அதிலும் 48 அடியையாவது அனுமதிக்கவேண்டும். அன்றைக்கு மூக்கு இலவசமாகிவிட்டது. காசு கொடுக்கவேண்டாத இடத்தில் யார்தான் எஞ்சின் மேல் உட்காருவார்கள்? 2000களின் நடுவில் அமெரிக்க நெடுந்தூரச் சாலைகளுக்கான கனரக கேபோவர் விற்பனையே நின்றுபோனது. ஐரோப்பாவில் மொத்த நீளத்தைத்தான் இன்றும் அளக்கிறார்கள், 16.5 மீட்டர். அதனால் அங்கே தட்டைமுகம் அப்படியே இருக்கிறது.

சரி, ஏக்கத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் இருக்கிறார். 70களில் வந்த வொய்ட்-ஃப்ரைட்லைனர் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறார். அதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். ஏறுவதே ஒரு வேலை. சக்கரத்துக்கு மேலே இருக்கிறது கதவு. எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியாமல் ஏறினால் பாதியில் திரும்பி இறங்கத்தான் வேண்டும். உள்ளே இரண்டு சீட்டுக்கும் நடுவில் எஞ்சின் மூடி மேடு மாதிரி எழுந்து நிற்கும். உங்கள் அப்பாவின் வண்டியிலும் இது உண்டு, கிளீனர்கள் அதன்மேல் துண்டை விரித்து உட்கார்ந்து வருவார்கள். அதன் சூடு இடது தொடையில் அடித்துக்கொண்டே இருக்கிறது. சீட் முன் ஆக்ஸிலுக்கு நேர் மேலே என்பதால் சாலையில் உள்ள ஒவ்வொரு இணைப்பும் முதுகுத்தண்டுக்கு வந்துதான் போகிறது. தெருமுனையில் திரும்ப வேண்டுமென்றால் நாம் முனையைத் தாண்டிப் போன பிறகுதான் ஸ்டியரிங்கை ஒடிக்கவேண்டும். முதல்முறை பார்ப்பவருக்கு வண்டி எதிர்த்த கடைக்குள் போகப்போகிறது என்று வயிற்றைக் கலக்கும்.

கியர் பெட்டி கேபினுக்குப் பின்னால் கீழே இருக்கிறது, கியர் கம்போ முன்னால் இருக்கிறது. நடுவில் நீண்ட தண்டுகளும் மூட்டுகளும். மூட்டு தேயத் தேய கம்பு ஆடும். கியர் எங்கே விழுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கமுடியாது, உள்ளங்கைதான் சொல்லவேண்டும். அவருடைய வண்டியில் 13 கியர். கீழ் வரிசையில் 5, மேல் வரிசையில் 4. மேல் வரிசையில் ஒவ்வொன்றையும் கம்பின் தலையில் உள்ள பொத்தானால் இரண்டாகப் பிரிக்கலாம். கிளட்சைத் தொடாமல், எஞ்சின் சுற்றைக் காதால் கேட்டே அவர் மாற்றுகிறார்.

காதால் கேட்பது என்றால் அந்தக் கால டெட்ராய்ட் 8வி-71 எஞ்சினைக் கேட்கவேண்டும். எட்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் டீசல், 318 குதிரைத்திறன். மற்ற லாரி எஞ்சின்களில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரியும். இதில் சுற்றுக்குச் சுற்று எரிகிறது. அதனால் நிமிடத்துக்கு 2100 சுற்றில் ஓடும்போது அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் அலறுகிற மாதிரி இருக்கும். சுற்றைக் கீழே விட்டால் இழுக்காது, எப்போதும் விரட்டிக்கொண்டே இருக்கவேண்டும். கதவில் விரலை நசுக்கிக்கொண்டு அந்தக் கோபத்தோடு ஏறி ஓட்டு என்பது பழைய டிரைவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இவ்வளவும் நடப்பது உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில். அந்தத் தலைமுறையில் பலருக்கு இன்று காது சரியாகக் கேட்பதில்லை. நேருக்கு நேர் மோதினால் முன்னால் தாங்க ஒன்றும் கிடையாது. விபத்து நடந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேருவது நாம்தான் என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

இத்தனைக்கும் பிறகு எதற்கு ஏக்கம் என்கிறீர்கள். இவர்கள் எதையும் மறக்கவில்லை என்பதுதான் நான் பார்த்தது. சூட்டைச் சொல்கிறார்கள், முதுகைச் சொல்கிறார்கள், செத்துப்போன கூட்டாளிகளைப் பெயர் சொல்லிச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அந்த வண்டி என் கையில் இருந்தது என்கிறார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

கேபினைக் கவிழ்ப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் உள்ளே உள்ள எல்லாவற்றையும் எடுத்துவிடவேண்டும். படுக்கையில் ஒரு ஸ்பேனர் பெட்டியை மறந்தால்கூட அது நேராக முன் கண்ணாடியில் போய் விழும். கியர் நியூட்ரலில் இருக்கவேண்டும், சக்கரத்துக்கு முட்டு வைக்கவேண்டும். கொண்டியை விடுவித்து, கைப்பம்பின் தண்டை மேலும் கீழும் அடிக்க அடிக்க கேபின் அங்குலம் அங்குலமாக எழுகிறது. பாதிக்கு மேல் போனதும் பாரம் முன்பக்கம் மாறி, தானாகவே சாய ஆரம்பிக்கும். அந்த நொடியில் பெரியவர் கையைத் தண்டிலிருந்து எடுத்து, இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து எண்ணெய்க் குழாயின் சத்தத்தைக் கேட்டார். கேபின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதும் எஞ்சின் முழுவதும் வெட்டவெளியில். சுற்றி வந்து எந்த போல்ட்டையும் தொடலாம். நீளமூக்கு வண்டிகளில் பின் சிலிண்டர்கள் டேஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். இதில் எதுவும் ஒளியவில்லை.

அந்த வண்டி அவருடையது. இரவல் இல்லை, கம்பெனி கொடுத்ததும் இல்லை. அந்தக் காலத்தில் யார் எந்தச் சரக்கை எந்த வழியில் ஏற்றலாம் என்பதற்கெல்லாம் அரசு அனுமதி வேண்டும். விளைபொருளுக்கு விலக்கு உண்டு. ஒற்றை வண்டிக்காரர்கள் அந்த விலக்கில்தான் பிழைத்தார்கள். கலிஃபோர்னியாவின் சலீனாஸிலிருந்து லெட்டூஸ் ஏற்றிக்கொண்டு கண்டத்தின் மறுகரைக்குப் போவார்கள். 1980ல் கார்ட்டர் காலத்துச் சட்டம் அனுமதி முறையைத் தளர்த்தியது. யார் வேண்டுமானாலும் தொழிலுக்குள் வரலாம் என்றானது, வாடகை இறங்கியது. மூன்றாண்டில் நீளச் சட்டமும் வந்தது. இரண்டும் அடுத்தடுத்து வந்ததால்தான் அந்த முகமும் அந்தப் பிழைப்பும் அவர்கள் நினைவில் ஒன்றாகவே கிடக்கின்றன என்பது என் எண்ணம். பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். ஓட்டிய நேரத்தைப் பொய்யாக எழுதிய நோட்டுகளும், தூக்கத்தை விரட்டும் மாத்திரைகளும் அதே காலத்தில் இருந்தவைதான்.

இன்றைய வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மெத்தென்ற சீட், ஏசி, தானே மாறும் கியர். புகைக் குழாயில் உள்ள சென்சார் ஒன்று கோளாறானால் வண்டி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப்போடு ஆள் வரும்வரை டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். ஓட்டிய நேரத்தை எஞ்சினோடு இணைந்த கருவி பதிவுசெய்யவேண்டும் என்பது 2017 டிசம்பரிலிருந்து கட்டாயம். 2000க்கு முந்தைய எஞ்சின்களுக்கு அதில் விலக்கு உண்டு. பழைய லாரியைத் தேடி வாங்குபவர்களில் சிலரை வெறும் பாசம் இழுக்கவில்லை, இந்த விலக்கு இழுக்கிறது. வண்டி வாங்கியவனிடம் அதைப் பழுதுபார்க்கும் உரிமையும் இருக்கவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அது போனதற்காக ஒருவர் வருந்தினால் அது மயக்கம் ஆகாது.

உங்கள் அப்பாவிடம் இதையெல்லாம் விவாதிக்கவேண்டாம். தொப்பூர் கணவாயில் பாரத்தோடு எப்படி இறங்கினார் என்று மட்டும் கேளுங்கள். எந்த கியர், எந்த இடத்தில் மாற்றினார், பிரேக் டிரம் சூடானது எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். இறக்கம்தான் லாரிக்காரனின் கல்வி. 1931ல் எஞ்சின் தயாரிப்பாளர் கிளெஸ்ஸி கம்மின்ஸ் தன் டீசல் எஞ்சின் பூட்டிய லாரியில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தபோது, கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் பிரேக் பிடிக்காமல் போய், ரயில்வே கேட்டில் ஒரு சரக்கு ரயிலை மயிரிழையில் தவறவிட்டார். அந்த பயம் அவரை விடவில்லை. சக்கரத்தைப் பிடிக்காமல் எஞ்சினையே தடையாக வேலை செய்யவைக்கும் முறையைப் பல ஆண்டுகள் கழித்து உருவாக்கினார். 1961ல் ஜேக்கப்ஸ் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுதான் ஜேக் பிரேக். எங்கள் பக்கத்தில் பெண்டில்டனுக்குக் கிழக்கே கேபேஜ் ஹில் என்ற இறக்கம், ஆறு மைலில் 2000 அடி. ஜேக் பிரேக் இல்லாத வண்டியில் அதில் இறங்கிய இரவுகளைப் பெரியவர் சொல்லும்போது அவருடைய வலது கால் தானாக அசைகிறது. உங்கள் அப்பா சொல்வதை எழுதி எனக்கு அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

வாங்கி ஓட்ட முடியுமா என்றால், முடியும், ஆனால் எளிதில்லை. மூக்கு இலவசமான பிறகு மதிப்பில்லாமல் போன வண்டிகள் பல காயலான் கடைக்குப் போய் அலுமினியமாகிவிட்டன. மிஞ்சியவற்றுக்குக் கண்ணாடி ரப்பரும், எஞ்சின் மூடியும், கியர் தண்டின் மூட்டுகளும் கிடைப்பதுதான் பெரும்பாடு. பெரும்பாலானவர்கள் கண்காட்சிக்குத்தான் ஓட்டுகிறார்கள். கலிஃபோர்னியாவில் 2023லிருந்து வாடகைக்கு ஓடும் கனரக டீசல் வண்டிகளில் 2010 அல்லது அதற்குப் பிந்தைய எஞ்சின் இருக்கவேண்டும். அங்கே துறைமுகச் சாலைகளை ஒட்டி வாழும் குழந்தைகளின் நுரையீரலை நினைத்தால் அந்தச் சட்டத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்த்தால் போதும் என்றால் அயோவாவின் வால்காட்டில் பெரிய லாரி அருங்காட்சியகம் இருக்கிறது. ஜூலையில் அங்கே லாரிக்காரர் திருவிழாவும் நடக்கும். எங்கள் மாநிலத்தில் சேலத்துக்கு வடக்கே புரூக்ஸில் ஒன்று இருக்கிறது. ஆம், இங்கேயும் ஒரு சேலம் உண்டு, மாநிலத் தலைநகரமே அதுதான்.

புத்தம்புதிதாக வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவுக்குப் போகவேண்டும். இரண்டு டிரெய்லர் பூட்டிய பி-டபுள் வண்டிகளுக்கு அங்கே மொத்த நீளம் 26 மீட்டர் என்று வரம்பு இருப்பதால், மெல்போர்ன் பக்கம் பேஸ்வாட்டர் தொழிற்சாலையில் கென்வொர்த் கே100ன் வாரிசான கே220ஐ இன்றும் கட்டுகிறார்கள். ஸ்டியரிங் வலப்பக்கம்தான், சங்ககிரிக்காரருக்குப் பழகிய பக்கம்.

அன்புடன்.