வாரத் திட்டத் தாளில் ஞாயிற்றுக்கிழமை பாதி வெட்டுப்படுவது

வாரத் திட்டத் தாளின் பிடிஎஃப் ஃபைலை அடித்தால் ஞாயிற்றுக்கிழமை பாதி வெட்டுப்படுகிறது, தாளில் ஒரு வெள்ளைப் பட்டையும் விழுகிறது என்று கேட்டிருந்தீர்கள். பிரிண்ட் கொடுக்கும்போது 'ஆக்சுவல் சைஸ்' (உள்ள அளவிலேயே) என்றிருப்பதை 'ஃபிட்' (தாளுக்குள் அடக்கு) என்று மாற்றுங்கள். வலது ஓரத்தில் ஞாயிற்றுக்கிழமை பாதி காணாமல் போவது நின்றுவிடும்.

பெரும்பாலும் அந்த ஃபைல் அமெரிக்க லெட்டர் அளவில் செய்ததாக இருக்கும்: 216 x 279 மி.மீ. நம் ஊரில் ஓடுவது ஏ4, அதாவது 210 x 297. அகலத்தில் 6 மி.மீ. உதைக்கிறது. போதாததற்கு, பிரிண்டரும் ஓரத்தில் கொஞ்சம் மை படாமல் விடும். நீளத்தில் மிச்சம், நீங்கள் சொன்ன வெள்ளைப் பட்டை அதுதான்.

உறுதி செய்ய, பிடிஎஃப்பைத் திறந்து 'ப்ராப்பர்டீஸ்' பாருங்கள். 8.5 x 11 இன்ச் என்றிருந்தால் அதேதான்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் போட்டோஸ்டாட் கடையில் அடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வருடத்துக்கும் சேர்த்து 52 தாளைக் கொடுக்குமுன் ஒன்றை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலை அப்படியே தட்டிவிடுவார்கள், அளவெல்லாம் யார் பார்க்கிறார்கள்!

ஆனால் 'ஃபிட்' போட்டால் கட்டங்கள் சற்றுச் சுருங்கும். ஷிப்ட், பிள்ளைகளின் டியூஷன் எல்லாம் ஒரே கட்டத்தில் எழுதுவீர்கள் என்றால், ஏ4 என்றே குறிப்பிட்ட வேறு ஃபைல் தேடுவது மேல். அப்புறம், பஞ்ச் பண்ணிக் கோப்பீர்களா? இடது ஓரம் 2 செ.மீ. காலியாக இருக்கட்டும், இல்லையென்றால் திங்கட்கிழமை ஓட்டையாகிவிடும்.