நின்றுபோன கணினிக்கு எதற்கு ஓர் இதழ்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வீட்டுக் கணினிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்த பிறகு ‘கமடோர் ஃப்ரீ’ என்ற மின்னிதழின் பழைய இதழ்கள் சிலவற்றைத் தரவிறக்கிப் பார்த்தேன். கமடோர் என்ற ஒரே நிறுவனத்தின் பழைய கணினிகளுக்காக, ஊதியம் ஏதும் பெறாத சிலர் சேர்ந்து பத்தாண்டுக்கு மேல் ஓர் இதழை நடத்தியிருப்பது வியப்பாக இருந்தது. ஆனால் மென்பொருள் துறையில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு ஓர் ஐயம். இன்று பழைய கணினி ஒன்று பழுதானால் இணைய விவாதக் குழுவில் கேட்டு உடனே பதில் பெறலாம். யூடியூபில் காணொளிகளும் இருக்கின்றன. அப்படியிருக்க, பக்கம் வடிவமைத்து, மெய்ப்புப் பார்த்து, இதழாகக் கொண்டுவரும் உழைப்பு எதற்கு? இளமை நினைவுகளில் திளைப்பதைத் தாண்டி இதில் ஏதேனும் உண்டா? அந்தக் கணினிகள் பெரும்பாலும் நம் வீடுகளுக்கு வந்ததே இல்லை. நமக்கு இதில் என்ன இருக்கிறது?

அன்புடன்,
கே., கோவை

அன்புள்ள கே.,

1982-இல் அமெரிக்காவில் 595 டாலர் விலையில் வெளிவந்த கமடோர் 64-ஐத் தொலைக்காட்சியோடு இணைத்து மின்சாரம் கொடுத்தால், நீலத்திரையில் 38911 பைட்டுகள் மீதமிருப்பதாக ஒரு வரியும், அதன்கீழ் ‘ரெடி’ என்ற சொல்லும், துடிக்கும் ஒரு கட்டமும் தோன்றும். அதற்கு மேல் அது தானாக எதுவும் செய்யாது. அடுத்து என்ன தட்டுவது என்பதை வாங்கியவர்களில் மிகப் பலருக்குச் சொல்லிக்கொடுத்தவை மாத இதழ்கள்தாம். 1983-இல் தொடங்கிய ‘கம்ப்யூட்ஸ் கெஜட்’ போன்ற இதழ்கள் முழு நிரல்களையும் பக்கம் பக்கமாக அச்சிட்டன. வாசகர்கள் அவற்றை வரிவரியாகத் தட்டி உள்ளிட்டார்கள். ‘ஸ்பீட்ஸ்கிரிப்ட்’ என்ற சொற்செயலி 1984 ஜனவரியில் அப்படித்தான் அந்த இதழின் பக்கங்கள் வழியே வீடுகளுக்குள் நுழைந்தது. ஆகவே அந்தக் கணினிகளைப் பொறுத்தவரை இதழைக் கணினிக்கு வெளியே இருந்த பொருளாகக் கருத முடியாது. இன்றைய தன்னார்வலர்கள் அந்த உறவைத்தான் தொடர்கிறார்கள்.

அப்படி அச்சான நிரல்களில் ‘டேட்டா’ என்று தொடங்கும் வரிகள் இருக்கும். அவற்றில் 0 முதல் 255 வரையுள்ள எண்கள் காற்புள்ளி இட்டு அடுக்கப்பட்டிருக்கும். நேரடியாக நுண்செயலிக்குச் செல்லும் ஆணைகள் அவை. ஓர் எண் தவறினாலும் கணினி உறைந்து நின்றுவிடலாம். அணைத்துப் போட்டால் சேமிக்காத நிரல் முழுவதும் போய்விடும். இதற்காகக் ‘கம்ப்யூட்ஸ் கெஜட்’ இதழ் ‘ஆட்டோமேட்டிக் ப்ரூஃப்ரீடர்’ என்ற சிறு நிரலை வெளியிட்டது. அதை முதலில் இயக்கிவிட்டால், ஒவ்வொரு வரியையும் தட்டி முடித்து ரிட்டர்ன் விசையை அழுத்தியதும் திரையின் மேற்பகுதியில் ஓர் எண் தோன்றும்; இதழில் அந்த வரிக்கு எதிரே அச்சிட்டிருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றாக இருந்தால் வரி சரி. முதல் வடிவத்தில் ஒரு குறை இருந்தது. அது எழுத்துகளின் குறியெண்களை வெறுமனே கூட்டியது என்பதால், 169 என்பதை 196 என்று தட்டினாலும் கூட்டுத்தொகை மாறாது, பிழை பிடிபடாது. பின்னர் வந்த திருத்திய வடிவம் எழுத்து நிற்கும் இடத்தையும் கணக்கில் கொண்டு இதைச் சரிசெய்தது. வாசகன் தன் வீட்டில் தனியாகச் செய்யக்கூடிய பிழைக்கும் தானே பொறுப்பு என்று ஓர் ஆசிரியர் குழு நினைத்திருக்கிறது என்பதே இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்கள் முதல் கேள்விக்கான என் பதிலும் இதுவே. இதழ் என்றால், ஒருவர் எழுதியதை இன்னொருவர் சோதித்துப் பார்த்து, தேதியிட்டு, ‘இது சரி’ என்று பொறுப்பேற்று வெளியிட்டது என்று பொருள்.

விவாதக் குழுவில் உடனே பதில் வரும் என்கிறீர்கள். உண்மைதான், நானும் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்பவன். ஆனால் கமடோர் 64-இன் பழைய மின்வழங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உட்புறம் பிசின் ஊற்றி அடைக்கப்பட்டிருப்பதால் திறந்து பழுதுபார்ப்பது ஏறக்குறைய இயலாத காரியம். உள்ளிருக்கும் மின்னழுத்தச் சீராக்கி கெட்டுப்போனால் 5 வோல்ட் வரவேண்டிய முனையில் அதைவிட அதிகமாக வந்து நினைவகச் சில்லுகளை எரித்துவிடும். எனவே கணினியில் செருகுவதற்கு முன் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்து, 5.25 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதைத் தொடாதீர்கள் என்பது அடிப்படை எச்சரிக்கை. விவாதக் குழுவில் இந்த எச்சரிக்கையும், ‘என்னுடையது இத்தனை ஆண்டுகளாக நன்றாகத்தான் இருக்கிறது’ என்ற பதிலும் அடுத்தடுத்து, ஒரே எடையோடு நிற்கும். புதிதாக வருபவருக்கு எதை நம்புவது என்று தெரியாது. போதாததற்கு, 2017-இல் ஃபோட்டோபக்கெட் நிறுவனம், தன்னிடம் சேமித்த படங்களைப் பிற தளங்களில் காட்ட ஆண்டுக்குச் சுமார் 400 டாலர் கட்டணம் கேட்டபோது, எண்ணற்ற பழுதுபார்ப்புக் குறிப்புகளில் ‘படத்தில் காட்டியுள்ள இந்த மின்தேக்கியைக் கழற்றுங்கள்’ என்ற வாக்கியம் மட்டும் எஞ்சியது; படம் இல்லை. அதே குறிப்பு ஒரு பிடிஎஃப் இதழுக்குள் இருந்தால் படமும் சொல்லும் பிரியாமல், படி எடுத்தவர் ஒவ்வொருவரிடமும் முழுதாக இருக்கும்.

கமடோர் நிறுவனம் 1994 ஏப்ரலில் நொடித்தது. இங்கிலாந்தில் வந்துகொண்டிருந்த ‘கமடோர் ஃபார்மட்’ 1995-இல் நின்றது. கடைகளில் விற்ற இதழ்கள் போன பிறகு அந்த வேலையை வாசகர்களே எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் பார்த்த ‘கமடோர் ஃப்ரீ’ 2006-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. அது பிடிஎஃப் ஆக மட்டும் வரவில்லை. வெற்று உரையாகவும், இணையப் பக்கமாகவும், கமடோர் 64-இலேயே ஏற்றிப் படிக்கும் வட்டுக் கோப்பாகவும் வந்தது. இந்தக் கடைசி வடிவத்தை உருவாக்குவது எளிதல்ல. திரையில் ஒரு வரிக்கு 40 எழுத்துகள்தாம். ஒரு வட்டின் கொள்ளளவு ஏறத்தாழ 170 கிலோபைட். அந்தக் கணினியின் எழுத்துக் குறியீடு தனி வகையானது என்பதால், நாம் அனுப்பும் ஆங்கில உரையை மாற்றாமல் ஏற்றினால் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இடம் மாறி நிற்கும். ஒவ்வோர் இதழுக்கும் இதையெல்லாம் சரிசெய்து, வரி உடைத்து, ஓட்டிப் பார்ப்பதற்கென்றே ஒருவர், எழுத்துப்பிழை பார்க்க வேறு சிலர் என்று வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள். நம் சிற்றிதழ்களில் பல, ஒரே மனிதர் எழுதி, அச்சுக்கூலி கொடுத்து, அஞ்சலில் சேர்த்துக் களைத்துப்போனதால் நின்றவை என்பதை நாம் அறிவோம். வேலையைப் பிரித்துக்கொண்ட இதழ்களே அதிக நாள் தாங்குகின்றன என்பது என் கணிப்பு.

நினைவேக்கத்தைப் பற்றிய உங்கள் குறையில் பாதியை ஏற்கிறேன். இத்தகைய இதழ்களில் எனக்கு அலுப்பூட்டுவன, பத்து வயதில் விளையாடிய விளையாட்டை மீண்டும் புகழும் பக்கங்கள். அவற்றை நீக்கிவிட்டு, இதழ் பாதியாக மெலிந்தாலும் பரவாயில்லை, செய்துபார்த்த வேலைகளை மட்டும் வெளியிடலாம் என்றே சொல்வேன்.

நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வீடுகளில் அரிது என்பது சரி. ஆனால் 1984-இல் மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் வழியாக இந்தியப் பள்ளிகளுக்கு வந்தவை கேம்பிரிட்ஜில் உருவான பிபிசி மைக்ரோ கணினிகள். சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் என்ற பிரிட்டிஷ் வீட்டுக் கணினியும் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் ‘டிபி ஸ்பெக்ட்ரம்’ என்ற பெயரில் இங்கே உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்டது. அவற்றில் பாடம் நடத்திய ஆசிரியர்கள் இன்று ஓய்வுபெற்றவர்கள். வகுப்பில் என்ன செய்தார்கள், பழுதானால் யார் வந்து பார்த்தார்கள், கணினிகள் இறுதியில் எங்கே போயின என்பதையெல்லாம் அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதியாக வேண்டும்.

அதைவிட உங்கள் துறைக்கு நெருக்கமான வேலை ஒன்றும் உண்டு. கமடோர் 64-இல் 256 எழுத்து வடிவங்களை நாமே வரைந்துகொள்ளலாம். ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள். புதிய எழுத்துகள் இருக்கும் இடத்தை 53272 என்ற நினைவக முகவரியில் எழுதினால் போதும், திரை மாறிவிடும். ‘ட’, ‘ப’ ஒரு கட்டத்தில் அடங்கும். ‘ஞ’, ‘ணு’ ஆகியவற்றுக்கு இரண்டு கட்டங்கள் வேண்டும். காலும் கொம்பும் தனியே நிற்பதால் அவற்றைத் திரும்பத் திரும்ப வரையத் தேவையில்லை. தமிழ் எழுத்துகள் அனைத்தையும் அந்த 256-க்குள் அடக்க முடியுமா என்று பார்த்து எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால், இத்தாலியத் தன்னார்வலர்கள் இலவசமாக வெளியிடும் ‘ரெட்ரோ மேகசின் வேர்ல்டு’ போன்ற இதழுக்கு அனுப்பிப் பார்க்கலாம். கட்டுரையோடு நிரலையும் வட்டுக் கோப்பாக இணையுங்கள். உண்மையான கணினியில் ஓட்டினீர்களா, அதைப் போலவே இயங்கும் எமுலேட்டர் மென்பொருளிலா, எமுலேட்டர் என்றால் எந்தப் பதிப்பு, தொலைக்காட்சி முறை ‘பால்’ (PAL) ஆ ‘என்டிஎஸ்சி’ (NTSC) ஆ என்பதையும் முதல் மடலிலேயே எழுதிவிடுங்கள். நல்ல ஆசிரியர் குழு முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.