ஓட்டுக்கூரை வெப்பத்தைத் தடுப்பது எப்படி? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: செந்தூலில் உள்ள எங்கள் இரண்டு மாடித் தொடர் வீடு கட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பிற்பகலில் மேல்மாடி அறைகளில் உட்காரவே முடிவதில்லை. ஏர்கோன் போட்டாலும் குளிர நெடுநேரம் ஆகிறது. சீலிங்குக்கு மேல் கண்ணாடிப் பஞ்சு விரிக்க வேண்டும் என்கிறார் ஒரு குத்தகையாளர். அலுமினியத் தாளே போதும் என்கிறார் மற்றொருவர். எதைத் தேர்ந்தெடுப்பது? நாங்களே பொருத்தலாமா?
(வாசகி, கோலாலம்பூர்)

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆயினும் உங்கள் வீட்டுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அலுமினியத் தாளைத்தான். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாட்டில் நண்பகல் வெயில் ஏறக்குறைய செங்குத்தாக விழுவதாலும், தொடர் வீட்டின் பக்கச் சுவர்களை அண்டை வீடுகள் மறைத்திருப்பதாலும், உள்ளே வரும் வெப்பத்தின் பெரும்பங்கு கூரை வழியாகவே இறங்குகிறது. காய்ந்த ஓடு அவ்வெப்பத்தைக் கதிர்வீச்சாகச் சீலிங்கின் மீது பாய்ச்சுகிறது. தூய அலுமினியப் பரப்பு இக்கதிர்வீச்சில் 90 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும். தான் சூடானாலும் மிகக் குறைவாகவே வெப்பத்தை வெளியிடும். ஆனால் பளபளப்பான பக்கத்தை ஒட்டிக் குறைந்தது 25 மில்லிமீட்டர் காற்று இடைவெளி இருக்க வேண்டும். வேறொரு பொருளோடு ஒட்டிக் கிடந்தால் அது வெறும் உலோகமாகி வெப்பத்தைக் கடத்திவிடும். தாளைச் சீலிங்கின் மேல் விரிக்கச் சம்மதிக்காதீர்கள். மேல்நோக்கிய பளபளப்பு தூசி படிந்து மங்கிவிடும் என்பதால், கூரைச் சட்டங்களின் அடிப்புறத்தில், பளபளப்பு கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்துவதே சரி.

ஏர்கோன் அடிக்கடி ஓடும் வீடாக இருப்பதால், செலவுக்கு இடமிருந்தால் சீலிங்கின் மேல் கண்ணாடிப் பஞ்சும் விரிக்கலாம். 50 மில்லிமீட்டர் பஞ்சின் வெப்பத்தடை ஏறத்தாழ 1.25, 100 மில்லிமீட்டருக்கு அது 2.5. 'ஆர்' மதிப்பு எனப்படும் இந்த எண் கூடக்கூடத் தடுப்பும் கூடும்; அதைக் கேட்டு வாங்குங்கள். பஞ்சின் இழைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. ஆகவே அமுக்கித் திணித்தாலோ நனைந்தாலோ பயன் குறைந்துவிடும். ஓட்டில் ஒழுக்கு இருந்தாலும், மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டி கசிந்தாலும், முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். குளிர்நாட்டுச் செய்முறைகளில் ஈரத்தடுப்புப் படலத்தை அறையின் பக்கம் வைக்கச் சொல்வார்கள். நமக்கு ஈரமும் வெப்பமும் வெளியிலிருந்து வருவதால், ஏர்கோன் அறைக்கு மேல் அப்படலம் பஞ்சின் மேற்புறத்தில் இருப்பதே பொருத்தம்.

நீங்களே செய்ய வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்திரேலிய அரசு 2009இல் தொடங்கிய வீட்டு வெப்பத்தடுப்புத் திட்டத்தில் நான்கு இளம் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். மூவர் மின்சாரம் தாக்கியும், ஒருவர் கூரைக்குள் இருந்த கடும் வெப்பத்தாலும் மாண்டனர். அலுமினியத் தாள் மின்சாரத்தைக் கடத்தும். அதைப் பொருத்த அடிக்கும் உலோகப் பின் ஒரு கம்பியைத் துளைத்தாலே போதும், தாள் முழுவதும் மின்சாரம் பாயும். எனவே வேலை தொடங்குமுன், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பழைய கம்பிகளைச் சோதித்துவிடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்த பின்னும், வெளியிலிருந்து வரும் கம்பியில் மின்சாரம் இருக்கக்கூடும் என்பதை வேலையாட்களிடம் நீங்களே சொல்லுங்கள். வேலை விடியற்காலையில் நடக்கட்டும். கால் வைப்பது சீலிங் பலகையில் அல்ல, மரச்சட்டத்தில். முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை மூன்றும் வேண்டும். சீலிங்கில் பதித்த விளக்குகளின் மேல் பஞ்சு படக் கூடாது.

உங்கள் வீட்டின் வயதை நினைத்தால் இன்னொன்றும் உண்டு. பழைய சீலிங் பலகையில், தூளாகி மூச்சில் கலந்தால் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டாஸ் இழை கலந்திருக்கலாம். தெளிவாகும் வரை அதை வெட்டவோ துளைக்கவோ விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஏர்கோன் இல்லை. கூரையில் காற்றுச் சுழலி வைத்தால் போதுமா?
(வாசகர், பினாங்கு)

பதில்: சுழலி சூடான காற்றை வெளியேற்றும், ஓட்டிலிருந்து இறங்கும் கதிர்வீச்சை அதனால் தடுக்க முடியாது. ஆகவே முதலில் அலுமினியத் தாளைப் பொருத்துங்கள். அதன் பிறகும் இரவில் அறை புழுங்கினால், பகல் வெயிலை வாங்கிவைத்த செங்கல் சுவரே பெரும்பாலும் காரணமாக இருக்கும். மேற்குச் சுவருக்கு வெளியே நிழல் அமைத்து, பொழுது சாய்ந்ததும் சன்னல்களைத் திறந்து வையுங்கள். தடித்த பஞ்சு உங்களுக்கு இப்போது தேவையில்லை.